வெறுங்கையோடு திரும்பினோம்

எடப்பாடிவாசிகளுக்குப் பிரயாணம் புதிதல்ல. தைப்பூசத்தை ஒட்டி எங்கள் ஊர்ப் பருவதராஜகுலத்தார் காவடி எடுத்துக் கால்நடையாகப் பழனிக்குப் போவதையும், மலைமேலேயே ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டென்பதையும், அங்கே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாராவதையும் தமிழ்நாடு அறியும். ஆகவே எடப்பாடிக்காரன் ஊரை விட்டு நகரமாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகருவான். ஆனால் அதற்குக் காரணம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் செல்லுபடியாகும் காரணங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று கூலி. கல்யாணத்தையும் கருமாதியையும் இவ்விரண்டுக்கும் நடுவே சேர்த்துக் கொள்ளலாம். இவை ஒன்றுமில்லாமல், வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்காக ஒருவன் குடும்ப சகிதமாய் ஒரு வாரம் ஊரை விட்டுப் போகிறான் என்றால், அவனுக்குப் பணம் மிஞ்சிவிட்டது, அல்லது புத்தி குறைந்துவிட்டது என்று அர்த்தம். நான் பள்ளிக்கூட உபாத்தியாயன். எனக்குப் பணம் மிஞ்சவில்லை என்பதை ஊரார் அறிவார்கள். மற்றதைப் பற்றி அவர்களுக்கு அபிப்பிராய பேதம் உண்டு.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் என்னும் சிறிய தேசத்துக்குப் போனான். மூன்று நாள் மழைக்காட்டின் நடுவில் ஒரு விடுதியில் வாசம். மீதி நாள் கரீபியக் கடலில் ஒரு தீவில் வாசம். எடுத்த படங்களையெல்லாம் எங்கள் கைபேசிக்கு அனுப்பியிருந்தான். என் தாயார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மழை பெய்யற காட்டையும் கடலையும் பார்க்கவா இத்தனை தூரம் போனான்? நம்ம பக்கத்துல இதெல்லாம் இல்லையா, கண்ணு?"

"ஏன் இல்லை, அம்மா? மேற்கே ஆனைமலை இருக்கிறது. கிழக்கே ராமேசுவரம் தீவு இருக்கிறது."

"ஆனைமலையா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படீன்னா போயிட்டு வரலாம்" என்றாள்.

அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. பன்னிரண்டாம் வயதில் தார் சுற்ற ராட்டையின் முன் உட்கார்ந்தவள். கைத்தறி போய் விசைத்தறி வந்த பிறகும் அவள் வேலை நிற்கவில்லை. ஊடை நூல், பாவு நூல், அறுந்த நூல் என்று நூலோடேயே அறுபது வருஷம் கழிந்தது. பூலாம்பட்டியில் பரிசில் ஏறிக் காவேரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டை போனதுதான் அவள் அறிந்த கடல் யாத்திரை.

தறிக்கூடத்தை நடத்துகிறவர் என் தமையனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா தம்பி, ஆனைமலையில் என்ன கோயில்?" என்பது. இரண்டாவது கேள்வி, "ஒரு வாரம் யார் தார் சுற்றுவது?" இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். தறி நின்றால் கூலி நிற்கும் வீட்டில் ஒரு வாரம் என்பது லேசான சமாசாரமல்ல. அதற்குப் பதில் சொன்னவள் அம்மாவே. "அறுபது வருஷமா சுத்தின தாருக்கு ஏழு நாள் லீவு கேக்கறேன். குடுக்க மாட்டியா, சாமி?" என்றாள். தமையனார் தலையைச் சொறிந்தார். பயணத்தின் பின்பாதி ராமேசுவரம் என்று நான் ஞாபகப்படுத்தினேன். ராமநாதசுவாமியின் சிபாரிசில் ஆனைமலைக்கும் அனுமதி கிடைத்தது.

பள்ளிக்கூடத்து அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரம், நான், என் மனைவி, பத்து வயதுப் பெண், அம்மா ஆக நால்வரும் புறப்பட்டோம். ஈரோடு, திருப்பூர் வழியாகப் பொள்ளாச்சி. அங்கிருந்து சேத்துமடை வழியாக மலைமேல் ஏறும் பஸ். சேத்துமடைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் உஷ்ணம் ஒரு படி இறங்கியது. டாப் ஸ்லிப் என்பது நாங்கள் இறங்கிய இடத்தின் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் ஆனைமலைத் தேக்கை வெட்டி, இந்த உச்சியிலிருந்து கீழே சறுக்கி விடுவார்களாம். கட்டைகள் சமவெளியில் போய் விழுமாம். அப்படி விழுந்தவை கப்பலாகவும் ரயில் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளாகவும் மாறின. பெயர் மட்டும் உச்சியிலேயே தங்கிவிட்டது.

வனத்துறையாரின் விடுதியில் முன்கூட்டியே இடம் பதிவு செய்திருந்தோம். பெலீஸ் தேசத்துப் படங்களில் கண்ட ஆடம்பரம் இங்கே கிடையாது. சுத்தமான அறை, எளிய சாப்பாடு, எதிரே புல்வெளி, அதில் மேயும் புள்ளிமான்கள். அந்தி சாய்ந்தபின் வெளியே நடக்கக் கூடாது, யானை வரும் என்று எச்சரிக்கை. இவ்வளவே. ஆனால் இரவு வந்ததும் ஒரு சங்கடம் ஏற்பட்டது. விசைத்தறியின் சடசடப்பிலேயே தூங்கிப் பழகிய அம்மாவுக்கு நிசப்தத்தில் தூக்கம் வரவில்லை. வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அவள் வலது கை மெல்லச் சுழன்று கொண்டிருந்ததைக் கண்டேன். ராட்டை ஊரில் இருந்தது. கை இன்னும் சுற்றிக் கொண்டிருந்தது.

மறுநாள் காலை, அருகிலுள்ள கரியன் சோலைக்குப் போனோம். வழிகாட்டியாக வந்தவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். புறப்படுமுன் அவர் ஒரு சூத்திரம் சொன்னார்: "காட்டைப் பார்க்கணும்னா மேலே பார்க்கணும். நடக்கணும்னா கீழே பார்க்கணும். ரெண்டும் ஒண்ணா முடியாது. அதனால நின்னு நின்னு பாருங்க."

எங்கள் சீமையில் வருஷ மழை நூறு சென்டிமீட்டரை எட்டுவதே அபூர்வம். அதே ஆனைமலைத் தொடரில் வால்பாறைப் பக்கத்தில் முந்நூறு சென்டிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அத்தனை மழையில் வளர்ந்த காட்டுக்குள் நுழைந்தால் பகல் பதினோரு மணிக்கும் விடியற்காலை வெளிச்சந்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் இலைகள் ஒன்றோடொன்று கோத்துக் கூரை போட்டிருக்கின்றன. அதன் கீழே இரண்டாம் வரிசை மரங்கள். அதற்கும் கீழே செடிகளும் பிரம்பும். தரையில் மக்கிய இலைகள் மெத்தை போல் கிடக்கின்றன. பெய்யும் மழை இந்தப் படிகளிலெல்லாம் தங்கித் தங்கி இறங்கி, மெத்தையில் ஊறி, பிறகு மெதுவாக ஓடையாகிறது. எங்கள் மேட்டூர் அணைக்கு வரும் தண்ணீரும் குடகிலும் வயநாட்டிலும் உள்ள இத்தகைய மலைகளில் பெய்த மழைதான். குழாயைத் திறக்கும்போது நமக்குக் காடு ஞாபகம் வருவதில்லை.

அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றுக்கு உபாத்தியாயர் என்றோ நெசவாளி என்றோ வித்தியாசம் கிடையாது. வழிகாட்டி உப்பு மூட்டையால் ஒற்றி ஒற்றி அவற்றை உதிர்த்தார்.

திடீரென்று தலைக்கு மேலே ரயில் என்ஜின் மூச்சு விடுவது போல் ஒரு சப்தம் கேட்டது. பெரிய இருவாட்சிப் பறவை ஒன்று சிறகடித்துப் போயிற்று. மஞ்சள் அலகு, அதன் மேல் கொம்பு போன்ற ஒரு மகுடம். வழிகாட்டி அதன் கதையைச் சொன்னார். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை உள்ளிருந்தே பூசி மூடிக்கொள்ளும். அலகு நீட்டுவதற்கு மட்டும் ஒரு பிளவு இருக்கும். மாதக்கணக்கில் ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும். தின்ற பழங்களின் விதைகள் காடெங்கும் விழுந்து மரமாகும். பொந்து உண்டாகும் அளவுக்குப் பருத்த பழைய மரம் இல்லையென்றால் அந்தப் பறவைக்குப் பிரசவ அறை இல்லை. பறவை இல்லையென்றால் பல மரங்களுக்கு விதை தூவ ஆளில்லை.

"ஆண் பறவைக்கு ஏதாச்சும் ஆயி, வராமயே போயிட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"அப்புறம் உள்ளே இருக்கிறதுக்குச் சோறு கிடையாது, ஆத்தா" என்றார் அவர்.

அம்மா விடுதி வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரியின் சமாதியைப் பார்த்தோம். மொட்டையடிக்கப்பட்ட இந்த மலைச்சரிவுகளில் மறுபடி தேக்கை வளர்த்தவர் அவர். பையில் விதையை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் தரையில் குத்திக் குத்தி விதைத்துக்கொண்டே நடப்பார் என்று சொல்கிறார்கள். 1933-ம் வருஷம் இறந்த பிறகு, அவருடைய மரங்களுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் வளர்த்த தேக்கங்காடு அழகாக இருக்கிறது. ஆயினும் முந்திய நாள் கரியன் சோலையைப் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தது. தேக்கங்காட்டை ஒரு மனிதனின் ஆயுளில் உண்டாக்கிவிடலாம். மழைக்காட்டை அப்படி உண்டாக்க முடியாது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே சிதறிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் 2000-ம் வருஷத்தை ஒட்டித் தொடங்கி, அந்த மண்ணுக்குரிய கன்றுகளையே நட்டு வருகிறார்கள். தாங்கள் நடும் மரத்தில் இருவாட்சி குடியேறுவதைக் கண்ணால் காண அவர்களில் எவருக்கும் ஆயுள் போதாது. இருந்தும் நடுகிறார்கள்.

அன்றிரவு அம்மா வாயைத் திறந்தாள். அவளுடைய அம்மாயிக்கு ஓர் அக்காள் இருந்தாளாம். மழை பொய்த்த ஒரு வருஷத்தில், கங்காணி ஒருவன் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, புருஷனோடு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். யாரையோ கொண்டு எழுதுவித்த ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு கார்டு இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர், முதலில் புருஷன் போனான், பிறகு அவளும் காய்ச்சலில் போனாள் என்று சொன்னார். எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் அவளுடைய பெயரைச் சொல்ல மாட்டார்களாம். 'காட்டுக்குப் போனவள்' என்றே சொல்வார்களாம்.

1890-களின் பிற்பகுதியிலிருந்து ஆனைமலையில் காடு அழிந்து தேயிலை எழுந்தது. அதை அழித்தவர்களும் நட்டவர்களும் சேலம் முதல் திருநெல்வேலி வரையிலான வறண்ட சீமைகளிலிருந்து போன ஏழை ஜனங்கள். மலேரியா அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயிற்று. அந்தத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. அதை நான் படித்திருக்கிறேன். ஆனால் அந்த ஜனங்களில் ஒருத்தி எங்கள் வீட்டுப் பெண் என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரியும். ஆனைமலை என்றதும் அம்மா ஏன் சற்று நேரம் பேசாமல் இருந்தாள் என்பதும் விளங்கியது.

நான்காம் நாள் மலையிறங்கிப் பொள்ளாச்சியில் ரயிலேறினோம். பழனி வந்தபோது அம்மா ஜன்னல் வழியே மலையை நோக்கிக் கைகூப்பி, "இந்தத் தடவை உன்னைப் பாக்க வரல, கோவிச்சுக்காதே" என்றாள். முருகன் கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை. ரயில் நேரத்துக்கு மதுரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ராமேசுவர ரயில். மண்டபம் கேம்ப் என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும் என் பெண், "கேம்ப் என்றால் என்ன கேம்ப், அப்பா?" என்று கேட்டாள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைக் கப்பலேற்றுமுன் தொற்றுநோய்ச் சோதனைக்காக அடைத்து வைத்திருந்த இடம் அது. பிற்காலத்தில், 1980-களிலிருந்து, இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களுக்கு அதே இடம் அகதி முகாமாயிற்று. ஒரே வாசல் வழியாக ஒரு நூற்றாண்டு போனவர்களையும், மறு நூற்றாண்டு வந்தவர்களையும் பார்த்துவிட்டது.

பிறகு பாலம் வந்தது. 1914-ல் திறந்த பழைய பாலம் 2022 டிசம்பர் வரையில் ரயிலைச் சுமந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். ரயில் கடல்மேல் ஊர்ந்தபோது அம்மா என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு யார் தைரியம் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை பாம்பனுக்கு அருகிலுள்ள குந்துகாலுக்குப் போனோம். 1897 ஜனவரி 26-ந் தேதி, மேல்நாட்டில் வெற்றிக்கொடி நாட்டித் திரும்பிய சுவாமி விவேகானந்தர் பாரத மண்ணில் முதலில் கால் வைத்த இடம் அது. அங்கிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள். அவற்றுள் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன.

தெளிந்த நீரில் குனிந்து பார்த்தால், கரியன் சோலையை யாரோ கடலுக்குள் இறக்கி வைத்தது போல் இருந்தது. கிளை விட்ட பவளம், விசிறி போன்ற பவளம், மூளை போல் மடிந்த பவளம், இடையிடையே மீன்கள். பவளம் என்பது கல்லுமல்ல, செடியுமல்ல. கடுகு போன்ற சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாய் வாழ்ந்து, தங்கள் உடம்பிலிருந்தே சுண்ணாம்பைக் கசியவிட்டுக் கட்டும் வீடு. உருண்டையாக வளரும் பவளம் ஒரு வருஷத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாகவே வளரும். அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கடல் அதிகமாகச் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2016-ல் இந்த மன்னார் வளைகுடாவில் அப்படி நேர்ந்தது. அதற்கு முன் பல காலம் மனிதனே பவளத்தைப் பாளம் பாளமாய் வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனான். மலையில் சறுக்கிய தேக்குக்கும் இதற்கும் கதை ஒன்றுதான்.

ஆயினும் கதையில் வேறு பாத்திரங்களும் உண்டு. இக்கரையில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் பவளத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்ப்பதில்லையென்றும், மாதத்தில் சில நாட்களே கடலில் இறங்குவதென்றும் தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-ல் தீவுகளைக் காப்போருக்குரிய சர்வதேசப் பரிசு ஒன்றைப் பெற்றார். கூலிக்காகக் கடலில் இறங்கியவர்களே கடலுக்குக் காவலும் ஆனார்கள்.

தீவின் மணலில் வெண்மையான பவளத் துண்டு ஒன்று கிடந்தது. என் பெண் அதை எடுத்தாள். கூட வந்த வனக்காவலர் சிரித்துக்கொண்டே, "அங்கேயே வச்சிடு, கண்ணு" என்றார். 2001 முதல் பவளத்துக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு உண்டு; செத்த துண்டையும் எடுத்துப் போகக் கூடாது. பெண் அதை வைத்தாள். நானும் என் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், ஒரு கிளிஞ்சலாவது தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

பிற்பகல் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவில் எழுந்த புயல், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைப் பிரயாணிகளோடு விழுங்கி, ஊரையும் கொண்டுபோயிற்று. அதற்கு முன் ஐம்பது வருஷம் இலங்கைக்குப் போன கூலி ஜனம் இங்கேதான் ரயிலை விட்டுக் கப்பலேறியது. இடிந்த மாதா கோயிலின் சுவரில் பவளக் கல்லைக் கண்டேன்.

அங்கே நின்றபோது அந்தப் பையன் அனுப்பிய படங்கள் ஞாபகம் வந்தன. கரீபியக் கடலுக்குத் தமிழன் இப்போதுதான் போகிறான் என்று எண்ண வேண்டாம். 1853-லும் அதை அடுத்த வருஷங்களிலும் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இறங்கினார்கள். அவர்கள் பேச்சு மறைந்தது. மாரியம்மன் மட்டும் அங்கே இன்றும் பூஜை பெறுகிறாள். ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி 1917-ல்தான் நின்றது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடியதை நாம் அறிவோம். உலகத்தின் அழகான காடுகளுக்கும் தீவுகளுக்கும் நம்மவர்கள் முந்தியே போயிருக்கிறார்கள். ஆனால் அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் விடியற்காலை அக்கினி தீர்த்தத்தில் ஸ்நானம். நான் கரையேறும்போது அம்மா கூப்பிட்டாள். கையில் எள் இருந்தது. ஊரிலிருந்தே முடிந்து கொண்டுவந்திருக்கிறாள். "காட்டுக்குப் போனவளுக்கு ஒருத்தரும் தண்ணி விடல. நீ விடு" என்றாள். புரோகிதர் பெயரைக் கேட்டார். அம்மா சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்லி நூறு வருஷம் ஆகியிருக்கும். நான் மூன்று தரம் நீர் விட்டேன். அம்மா முழங்கால் அளவு அலையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கைகள் இரண்டும் குவிந்திருந்தன; சுழலவில்லை.

ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். கோயிலுக்குப் போனால் பிரசாதம் வரும். கூலிக்குப் போனால் காசு வரும். இதில் என்ன வந்தது என்று அவர்கள் கேட்டது நியாயமே. காட்டிலிருந்து ஓர் இலை இல்லை, கடலிலிருந்து ஒரு கிளிஞ்சல் இல்லை. அம்மா அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும் அந்தப் பறவையின் கதையை ஆரம்பித்தாள். தறிக்கூடத்திலிருந்து தமையனார் ஒரு தறியை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியில் நின்றார்.

"அப்புறம் அந்த ஆண் பறவை வந்ததா?" என்று கேட்டார்.